பெரிய வில்லையும் சிறிய காமிராவும்



நிழற்படக் கலையில் ஈடுபாடுள்ள கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய பெரிய காமிராவின் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை என்னுடைய சிறிய காமிராவில் பொருத்தலாமா? பொருத்தினால் படம் பெரிய காமிராவில் எடுத்ததுபோல் அமையுமா?" என்பது அக்கேள்வி. ஒன்றுபோல் தோன்றினாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதற் கேள்விக்கு என் விடை, "தாராளமாகப் பொருத்தலாம்" என்பது. இரண்டாவதற்கு என் விடை, "அமையாது" என்பது. மாணவர் கையிலுள்ள பணம் பெரும்பாலும் சிறு பணம். அதைச் செலவழிக்கும் முன் இவ்விரண்டு விடைகளுக்கும் காரணம் அறிந்துகொள்வது நல்லது. அன்றியும், கேட்பவர் எதிர்பாராத மூன்றாவது பயன் ஒன்று அந்தப் பழைய வில்லையில் ஒளிந்து கிடக்கிறது. அதைச் சொல்வதே இந்தப் பேச்சின் முக்கிய நோக்கம்.

பெரிய காமிரா, சிறிய காமிரா என்று நான் கூறுவன எவை? 1901ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தார் 120 என்ற எண்ணுள்ள சுருள் பிலிமை வெளியிட்டனர். அச்சுருளில் எடுக்கும் படத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர். சதுரமாக எடுத்தால் 56க்கு 56. வழக்கில் இதனை ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் என்பார்கள். ரோலைபிளெக்ஸ், ஹாசல்பிளாட் முதலிய காமிராக்கள் இந்த அளவைக் கையாண்டன. சினிமாப் பிலிமைச் சாதாரணப் படத்துக்கு உபயோகித்து, 24க்கு 36 மில்லிமீட்டர் என்னும் சிறு சட்டத்தை நிலைநாட்டியவர் ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஆஸ்கர் பார்னாக். அவர் ஆக்கிய லைக்கா காமிரா 1925இல் மக்கள் கைக்கு வந்தது. பிலிம் பெரும்பாலும் மறைந்து, ஒளியை உணரும் மின்னணுச் சில்லு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பின்னரும் அந்த 24க்கு 36 என்னும் அளவு அழியவில்லை. இன்றைய உயர்தரக் காமிராக்கள் பலவற்றில் சில்லின் அளவும் அதுவே. ஆகவே நான் பிலிம் என்று சொல்லுமிடத்தில் சில்லு என்று நீங்கள் கொண்டாலும் பொருள் மாறாது.

இப்போது ஒரு சிறு சோதனை. பகல் வேளையில் ஓர் அறையின் கதவையும் சன்னல்களையும் சாத்திவிட்டு, ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். எதிர்ச் சுவரருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன் முன்னால் வில்லையைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வெளியேயுள்ள மரமும் வீடும் தலைகீழாகத் தாளில் வந்து நிற்கும். காமிரா வில்லை இல்லையெனில், பூதக்கண்ணாடியே போதும். அந்தப் பிம்பத்தை உற்றுப் பாருங்கள். அது நீள்சதுரமாகவா இருக்கிறது? இல்லை, வட்டமாக இருக்கிறது. நடுவில் ஒளியும் தெளிவும் மிகுந்து, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி, கடைசியில் இருளில் கரைந்துவிடுகிறது. வில்லை அறிந்த உருவம் வட்டம் ஒன்றே. அவ்வட்டத்திலிருந்து சதுரமோ நீள்சதுரமோ நறுக்கிக்கொள்வது காமிராவின் வேலை.

ஆறுக்கு ஆறு காமிராவின் சதுரம் முழுவதும் ஒளி பெற வேண்டுமானால், அந்த வட்டத்தின் விட்டம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டால் அது 79 மில்லிமீட்டர் ஆகிறது. 24க்கு 36 சட்டத்துக்கோ 43 மில்லிமீட்டர் விட்டமே போதுமானது. பெரிய துணியிலிருந்து குழந்தைக்குச் சட்டை தைக்கலாம். குழந்தையின் துணியிலிருந்து தகப்பனுக்குச் சட்டை தைக்க முடியாது. பெரிய காமிராவின் வில்லை சிறியதற்கு ஏற்பதும், சிறியதன் வில்லை பெரியதற்கு ஏலாததும் இதனால்தான்.

துணி போதுமென்று கண்டோம். சட்டை உடம்பில் நிற்க வேண்டுமே! அங்கேதான் தூரத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது.

ஒவ்வொரு காமிராவிலும் வில்லை பொருந்தும் உலோக வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்தின் முகத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் அந்தக் காமிரா வகைக்கென்றே வரையறுக்கப்பட்டது. நமது பேச்சுக்காக அதை 'இருப்புத் தூரம்' என்று அழைப்போம். வில்லையை வடிவமைப்பவர், அது அந்த இருப்புத் தூரத்தில் நிற்கும்போது நெடுந்தொலைவிலுள்ள பொருள் பிலிமில் தெளிவாக விழும்படி அமைக்கிறார். ஹாசல்பிளாட் காமிராவின் பழைய வரிசைக்கு இருப்புத் தூரம் 74.9 மி.மீ.; ஜெர்மனியின் பென்டகான் சிக்ஸ் காமிராவுக்கு 74.1. சிறிய காமிராக்களில் நிக்கான் எப் வகைக்கு 46.5; கேனன் இ.எப். வகைக்கு 44, 42 மி.மீ. மரை கொண்ட பழைய பிராக்டிகா, பென்டாக்ஸ் காமிராக்களுக்கு 45.46. பெரிய காமிராவில் இத்தூரம் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் எளிது. வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்ந்து நின்று, படம் எடுக்கும் கணத்தில் மேலே எழும் ஆடி ஒன்று அதில் உண்டு. படச்சட்டம் பெரியதானால் ஆடியும் பெரியது. பெரிய ஆடி எழுவதற்குப் பெரிய இடம் வேண்டும்.

இனி, பென்டகான் சிக்ஸ் வில்லையை நிக்கான் காமிராவில் வைப்பதாகக் கொள்வோம். 74.1இலிருந்து 46.5ஐக் கழித்தால் 27.6. அந்த 27.6 மி.மீ. நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் செய்து, முன்புறம் பெரிய காமிராவின் பூட்டும் பின்புறம் சிறிய காமிராவின் பூட்டும் அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. கடைக்காரர்கள் அடாப்டர் என்று விற்பது இதைத்தான். அதனுள் கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. இணைப்பு வளையம் படத்தின் தரத்தைக் கெடுக்குமோ என்று அஞ்சுவோர்க்கு இதைச் சொல்வதுண்டு: காற்று எந்தப் படத்தையும் கெடுத்ததில்லை.

ஆனால் உலோகத்தைக் கடையும் கை பிசகினால் கெடும். வளையம் 0.1 மி.மீ. தடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் ஒன்றின் கனம் அது. குவியத்தூரத்தை அதனாலேயே பெருக்கி, பிழையால் வகுத்தால், வில்லையை முடிவிலாத் தூரத்துக்குத் திருப்பி வைத்தபோதும் அது உண்மையில் எங்கே தெளிவாகக் காண்கிறது என்பது கிடைக்கும். 50 மி.மீ. வில்லையானால் 25 மீட்டர். அதற்கப்பாலுள்ள மலையும் வானும் ஒருபோதும் முழுத்தெளிவு பெறா. 80 மி.மீ. வில்லைக்கு அதே பிழை 64 மீட்டராகிறது; 180 மி.மீ. வில்லைக்கு 324 மீட்டர். குவியத்தூரம் குறையக் குறைய வளையத்தின் பிழை கொடியதாகிறது என்பதைக் கவனியுங்கள். இதற்கு மாறாக வளையம் சற்று மெலிந்திருந்தால் பெரிய கேடில்லை. வில்லையின் மேல் பொறித்த தூர எண்கள் பொய் சொல்லும், ஆனால் தொலைவிலுள்ள பொருளைப் பிடித்துவிடலாம். ஆதலால் செய்பவர்கள் பெரும்பாலும் மெலிந்த பக்கமாகவே சாய்கிறார்கள். உங்கள் கல்லூரிப் பௌதிக ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி கொண்டு இதை நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

எந்த வில்லையைத் தேர்ந்தெடுப்பது? நான் பென்டகான் சிக்ஸை எடுத்துக் கூறியது காரணத்தோடுதான். இதன் முன்னோடியான பிராக்டிசிக்ஸ் 1956இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தது. 1966இல் பென்டகான் சிக்ஸ் என்ற பெயர் பெற்றது. பிலிமைச் சரியான இடைவெளியில் நகர்த்துவதில் அக்காமிரா தொல்லை கொடுப்பதுண்டு என்பது அதைக் கையாண்டோர் அறிந்த செய்தி. ஆனால் அதற்கென ஜீனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலை ஆக்கிய வில்லைகள் மிகச் சிறந்தவை. 50 மி.மீ. பிளெக்டகான், 80 மற்றும் 120 மி.மீ. பயோமெட்டார், 180 மி.மீ. சோனார் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. காமிரா முடங்கினாலும் வில்லை முடங்குவதில்லை. ஆகவே உடலிழந்த வில்லைகள் உலகெங்கும் பழம்பொருட் சந்தைகளில் திரிகின்றன. கீவ் நகரத்து ஆர்செனல் தொழிற்சாலையின் கீவ் 60 காமிராவும் அதே பூட்டை உடையது. அதன் வில்லைகளையும் அதே வளையத்தில் பொருத்தலாம். பெரிய வில்லையைச் சிறிய காமிராவில் பொருத்துவது ஏதோ இக்காலத்துக் குறுக்குவழி என்று எண்ணிவிட வேண்டாம். டிரெஸ்டன் தொழிற்சாலையினரே தம்முடைய சிறிய பிராக்டிகா காமிராவுக்கென்று இத்தகைய வளையத்தைச் செய்து விற்றனர்.

180 மி.மீ. சோனாரின் வரலாறு இன்னும் சுவையானது. லுட்விக் பெர்ட்டெலே என்னும் வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களை ஒட்டி, கான்டாக்ஸ் என்னும் சிறிய காமிராவுக்காகத்தான் அது முதலில் பிறந்தது. அதனால் ஒலிம்பியா சோனார் என்றே பெயர் நிலைத்தது. பின்னர் அதன் வழிவந்த வில்லை ஆறுக்கு ஆறு காமிராவுக்குச் சென்றது. இன்று வளையத்தின் துணையால் மறுபடியும் சிறிய காமிராவுக்கே திரும்பி வருகிறது! பெரியது சிறியது என்ற பாகுபாடெல்லாம் மனிதர் பூட்டிய பூட்டில்தான் இருக்கிறது போலும்.

எல்லா வில்லைகளும் இவ்வளவு எளிதில் இணங்கிவிடுவதில்லை. ஹாசல்பிளாட் 1957இல் வெளியிட்ட 500 சி காமிராவில் ஒளிக்கதவு உடலில் இல்லை, வில்லைக்குள்ளேயே இருக்கிறது. அது திறந்தபடி நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 1970இல் வந்த மாமியா ஆர்.பி. 67 காமிராவில் வில்லையை முன்பின் நகர்த்தும் துருத்தி உடலைச் சேர்ந்தது. எனவே அதன் வில்லையைத் தனியே எடுத்தால் தெளிவு சரிசெய்யும் திருகே இராது. அதற்கென்று மரையோடு கூடிய வளையம் வேண்டும். பென்டகான் வில்லைகளில் அந்தத் திருகு வில்லையிலேயே இருப்பதால் மாணவர்க்கு அவையே உகந்தவை என்பது என் கருத்து. வாங்குமுன் வில்லையை ஒளிக்கெதிரே பிடித்து உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். நம் கடற்கரையூர்களின் ஈரக்காற்று அதற்குத் தாய்வீடு.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெரிய வில்லை போட்டால் பெரிய படத்தின் தோற்றம் வந்துவிடுமா? 80 மி.மீ. பயோமெட்டார் ஆறுக்கு ஆறு காமிராவில் மூலைக்கு மூலை ஏறக்குறைய 53 பாகைக் கோணத்தை அடக்குகிறது. அதுவே சிறிய காமிராவில் 30 பாகைதான் அடக்கும். வில்லை மாறிவிட்டதா? சிறிதும் இல்லை. 80 மி.மீ. எங்கே போனாலும் 80 மி.மீ.தான். பெரிய படத்தை நடுவில் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் சிறிய காமிராவில் கிடைக்கிறது. சிறிய காமிராவுக்கென்றே செய்த 80 மி.மீ. வில்லை ஒன்றை அதே துளை அளவில், அதே இடத்தில் நின்று உபயோகித்தால், பின்புறத்து மங்கலும் முகத்தின் அமைப்பும் இதே அளவாகத்தான் இருக்கும். பெரிய படத்தின் அழகு பெரிய பிலிமில் இருந்தது. பிலிமை விட்டுவிட்டு வில்லையை மட்டும் கொண்டுவந்தால் அந்த அழகு கூட வருவதில்லை.

தெளிவாவது கூடுமா என்று கேட்கலாம். இங்கே ஒரு நியாயத்தை நினைவில் கொள்ள வேண்டும். 24 சென்டிமீட்டர்ச் சதுரப் பிரதி ஒன்று வேண்டுமானால், ஆறுக்கு ஆறு படத்தை 4.3 மடங்கு பெருக்கினால் போதும். சிறிய படத்தின் 24 மி.மீ. பக்கத்தை அதே அளவுக்குக் கொண்டுவரப் பத்து மடங்கு பெருக்க வேண்டும். ஆகையால் சிறிய காமிராவின் வில்லை ஒரு மில்லிமீட்டருக்குள் அதிக நுணுக்கத்தை வரைய வேண்டிய கட்டாயம் உண்டு. பெரியதன் வில்லைக்கு அக்கட்டாயம் குறைவு. ஒரு சலுகை மட்டும் உண்டு: நாம் அதன் வட்டத்தின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம், அது எந்த வில்லையிலும் நல்ல பகுதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், நல்ல பழைய வில்லை நல்ல படம் தரும். சிறிய வில்லையை மிஞ்சிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் சோனாரைத் தோளில் சுமந்து திரிய இது மட்டும் தக்க காரணமாகாது.

அப்படியானால் லாபம் என்ன? கணக்கை இன்னொரு பக்கமாகப் போட்டுப் பாருங்கள். 79 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,900 சதுர மில்லிமீட்டர். நம் சிறிய சட்டத்தின் பரப்பு 864. அஃதாவது வில்லை வரைந்து தரும் பிம்பத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கையே நாம் எடுத்துக்கொள்கிறோம். மற்றவை காமிராவின் உட்சுவரில் வீணாக விழுகின்றன. வட்டத்தில் இவ்வளவு மிச்சம். தூரத்திலும் மிச்சம், 27 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றுக் குழாய் நிற்கிறது. இந்த இரண்டு மிச்சங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் கண்ட பயனே நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது பயன்.

ஒரு கோபுரத்தைப் படம் எடுக்கிறீர்கள். உச்சி சட்டத்துக்குள் வரவில்லை. காமிராவை மேல்நோக்கிச் சாய்க்கிறீர்கள். உச்சி வந்துவிடுகிறது, ஆனால் கோபுரம் பின்புறமாக மல்லாந்து விழுவதுபோல் படத்தில் தோன்றுகிறது. செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. பிலிம் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்ததே இதற்குக் காரணம். பிலிம் நேராக நின்றால் கோடுகளும் நேராக நிற்கும். இயல்பாகவே மேலே குறுகிச் செல்லும் கோபுரத்துக்கு இந்தக் கூடுதல் குறுக்கம் சேர்ந்தால், சிற்பி வகுத்த அளவை நாம் மாற்றி எழுதியது போலாகும்.

காமிராவைச் சாய்க்காமல் என்ன செய்வது? பின்னே நகரலாம். கோபுரம் 100 அடி உயரம் என்றும், காமிரா தரையிலிருந்து 5 அடி உயரத்தில் முக்காலியில் நிற்கிறது என்றும் கொள்வோம். இன்னும் 95 அடி மேலே ஏற வேண்டும். சட்டத்தை நெட்டுவாக்கில் வைத்தால் நடுவிலிருந்து ஒரு பக்கம் 18 மி.மீ. இருக்கிறது. 50 மி.மீ. வில்லையானால், 95ஐ 50ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க, 264 அடி பின்னே போக வேண்டும். எந்தச் சன்னிதித் தெருவில் 264 அடி தடையின்றி விட்டுவைத்திருக்கிறார்கள்? பாத்திரக் கடையும் பூக்கடையும் மின்கம்பியும் குறுக்கே நிற்கும். அப்படியே போனாலும் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தார் ரோடாகவே இருக்கும்.

இப்போது இணைப்பு வளையத்தை இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும்படி அமைத்துவிடுங்கள். வளையம் 27 மி.மீ. தடித்திருப்பதால் இந்தப் பொறிக்கு அதில் இடம் உண்டு. காமிராவை நேராக வைத்தபடியே வில்லையை மட்டும் 10 மி.மீ. மேலே தள்ளுங்கள். அதன் வட்டமும் 10 மி.மீ. மேலே போகிறது. பிம்பம் தலைகீழானது அன்றோ? ஆகவே கோபுரத்தின் உச்சி இருந்த பகுதி சட்டத்துக்குள் நுழைகிறது. கீழேயிருந்த தார் ரோடு வெளியே போகிறது. இப்போது 18க்குப் பதிலாக 28 மி.மீ. நமக்கு இருக்கிறது. 95ஐ 50ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 170 அடி. நூறடிக்குச் சற்றுக் குறைவான தூரம் மிச்சமாயிற்று; கோடுகளும் நேராக நின்றன. 80 மி.மீ. வில்லைக்கு இதே கணக்கு 422 அடியிலிருந்து 271 அடியாக இறங்கும்.

சிறிய காமிராவின் சாதாரண வில்லையில் இதைச் செய்ய முடியாது. அதன் வட்டம் 43 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும், சிறிது தள்ளினாலும் மூலைகள் கறுத்துவிடும். வளையத்துக்கோ தடிப்பும் கிடையாது. பெரிய வில்லையின் வட்டத்தில் நெட்டுவாக்கில் ஏறக்குறைய 19 மி.மீ. வரை நகர இடம் இருப்பதாகக் கணக்கு கூறும். நடைமுறையில் சிறிய காமிராவின் வாய் குறுகியதாகையால் அதன் விளிம்பு முந்திக்கொண்டு மறைக்கத் தொடங்குகிறது. பத்து, பன்னிரண்டு மி.மீ. எய்தினால் திருப்தி கொள்ளலாம்.

கட்டடங்களைப் படம் எடுப்போருக்காக நிக்கான் நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்திலேயே நகரும் 35 மி.மீ. வில்லை ஒன்றை வெளியிட்டனர். 1973இல் கேனன் நிறுவனத்தார் நகரவும் சாயவும் கூடிய வில்லையை ஆக்கினர். இவற்றின் விலை மாணவர் நெருங்கக்கூடியதன்று. உட்புறத்தில் அவை செய்வதும் நாம் பேசியதுதான்: தேவைக்கு மிஞ்சிய வட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு அதற்குள் உலாவுகின்றன. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 35 மி.மீ. அகலக் கோணம் இந்த வழியில் நமக்குக் கிட்டாது. ஆறுக்கு ஆறு வில்லைகளில் 50, 45 மி.மீ. என்பவை அகலக் கோணம். சிறிய காமிராவில் அவை சாதாரணக் கோணமாகிவிடும்.

நகர்த்துவதைப் போலவே சாய்ப்பதும் உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த தியோடோர் ஷைம்புளுக் என்பவர் வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலப்படம் வரையும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1904இல் அவர் பெற்ற காப்புரிமையில் விளங்கும் விதி இது: பிலிமின் தளம், வில்லையின் தளம், தெளிவாக வேண்டிய பொருளின் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்குமானால், அப்பொருளின் தளம் முழுவதும் தெளிவாக விழும். அவருக்கு முன்னரே பாரிஸ் நகரத்து ஜூல் கார்ப்பாந்தியே 1901இல் இக்கருத்தைத் தம் காப்புரிமையில் வெளியிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

வாசலில் விரிந்து கிடக்கும் பெரிய கோலத்தை நின்ற உயரத்திலிருந்து எடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள புள்ளி தெளிந்தால் தூரத்துப் புள்ளி மங்குகிறது. வில்லை தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து, பிலிம் செங்குத்தாக நின்றால், 80 மி.மீ. வில்லையை எத்தனை பாகை சாய்க்க வேண்டும்? குவியத்தூரத்தை உயரத்தால் வகுத்தால் அக்கோணத்தின் சைன் கிடைக்கும்: 0.08ஐ 1.5ஆல் வகுக்க 0.053. கோணம் 3 பாகைதான்! துளையை முற்றிலும் திறந்து வைத்துக்கொண்டே தரை முழுவதையும் தெளிவாகப் பிடித்துவிடலாம். கண்ணுக்கே தெரியாத அளவு சாய்வு இத்தனை வேலை செய்கிறது. உங்கள் திரிகோணமிதிப் புத்தகத்துக்கு வெளியே சைன் அட்டவணைக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு.

2013இல் சோனி நிறுவனத்தார் 24க்கு 36 சில்லோடு கூடிய, ஆடியில்லாத காமிராவை வெளியிட்ட பின் இந்த வேலை மேலும் எளிதாயிற்று. அதன் இருப்புத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. 74.1இலிருந்து 18ஐக் கழித்தால் 56.1 மி.மீ. இடம் கிடைக்கிறது, நகரும் பொறி, சாயும் பொறி இரண்டையும் தாராளமாக அமைக்கலாம். துளையைச் சுருக்கினால் காட்சி இருண்டுபோகும் தொல்லையும் இல்லை. அக்காமிரா தன் திரையை ஒளியேற்றிக் காட்டிவிடும். பழைய ஆடிக் காமிராவிலோ வில்லையின் துளையைக் காமிரா தானாகச் சுருக்காது. தெளிவு பார்க்கத் திறந்து, படம் எடுக்கச் சுருக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கையே இயங்க வேண்டும்.

அந்த நீண்ட இடத்தில் குவிவில்லைத் தொகுதி ஒன்றை வைத்து, பரந்த வட்டத்தைச் சுருக்கிச் சிறிய சட்டத்தில் விழச்செய்யும் வளையங்களும் உண்டு. 0.7 மடங்கு சுருக்கினால் 80 மி.மீ. வில்லை 56 மி.மீ. வில்லையாகும், 2.8 துளை 2 ஆகி, ஒளி இரு மடங்காகும். இது கண்கட்டு வித்தையன்று; வீணாகச் சுவரில் விழுந்த ஒளியைத் திரட்டிச் சில்லின்மேல் சேர்த்ததன் பலன். ஆனால் இப்போது குழாயினுள் காற்று மட்டும் இல்லை, கண்ணாடி புகுந்துவிட்டது. கண்ணாடியின் தரம் படத்தில் தெரியும். வளையத்தின் விலையிலும் தெரியும்.

வீணாக விழும் ஒளி என்று சொன்னேன் அல்லவா? அது சும்மா விழுந்து கிடப்பதில்லை. காமிராவின் உட்சுவரிலும் வளையத்தின் உட்புறத்திலும் மோதித் தெறித்து, பிலிம்மேல் மெல்லிய வெண்மூட்டமாகப் படர்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, வெயிலில் எடுத்த படம் உயிரற்று வெளுத்துத் தோன்றுகிறது. பழைய பெரிய வில்லையைப் பொருத்திவிட்டு, "இதன் பிம்பம் வெளிறிப்போகிறது" என்று குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் வில்லையினுடையதன்று. வளையத்தின் உட்புறம் பளபளவென்று இருந்தால் மங்கிய கறுப்புத் தாளையோ வெல்வெட்டுத் துணியையோ உள்ளே ஒட்டிப் பாருங்கள். வில்லையின் முன்னே மாட்டும் ஹூட் பெரிய படத்துக்கு அளவெடுத்தது. அதன் வாயில் கறுப்பு அட்டை ஒன்றை வைத்து, சிறிய சட்டத்துக்குப் போதுமான அளவு நீள்சதுரத் துளை வெட்டிவிட்டால், தேவையற்ற ஒளி உள்ளே வருவதே பெரிதும் குறையும். காமிராவின் பின்புறத்தில் கண்ணை வைத்து, மூலைகள் கறுக்காத வரை சிறிது சிறிதாக அத்துளையைச் சரிசெய்துகொள்ளலாம். வில்லையை மேலே நகர்த்தி எடுக்கும் நாளில் மட்டும் அட்டையை மறவாமல் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அத்தனை பாடுபட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்த கோபுரத்தின் கலசங்களை அந்த அட்டையே மறைத்துவிடும்.